கேட்டுவிட்டு எழுதுங்கள்: இனக் கட்டத்தை நிரப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் பிறப்புகளைப் பதிவதற்கும் தலைகளை எண்ணுவதற்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

சென்ற மாதம் என் பேத்தியின் பிறப்பைப் பதியப் போனோம். மகன், மருமகள், நான், பதினாறு நாள் பிள்ளை. ‘இனம்’ என்ற கட்டத்தில் மகன் ‘மலையகத் தமிழர்’ என்று நீலப் பேனையால் கொஞ்சம் அழுத்தியே எழுதியிருந்தான். தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டில் வேரூன்றியவர்களின் வழிவந்த நாங்கள் எங்களைச் சொல்லிக்கொள்கிற பெயர் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் அதை வாசித்தார். சிவப்புப் பேனையை எடுத்து அதன்மேல் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே, இடம் போதாமல் நெருக்கி, ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதினார்.

“அப்பிடியொரு இனம் இல்லம்மா. அப்பாட பழைய பத்திரத்துல உள்ளதத்தான் போடணும்.”

மரியாதையாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

நான் முப்பத்திரண்டு வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவள். சிவப்புப் பேனையால் திருத்துவது என் தொழிலாக இருந்தது. பிள்ளைகளின் பிழையைத் திருத்தியிருக்கிறேன். எந்தப் பிள்ளையின் பெயரையும் திருத்தியதில்லை. என் மகனுக்கு முப்பத்துநான்கு வயது. இன்னும் கடவுச்சீட்டே எடுக்காதவன். இந்தியாவை அவன் கிரிக்கெட்டில் பார்த்ததோடு சரி. அவன் மகள் இந்தியத் தமிழச்சி என்று உங்கள் அலுவலகம் ஒன்று முடிவுசெய்திருக்கிறது.

‘பழைய பத்திரத்தில் உள்ளதை’ என்றாரே, அந்தப் பழைய பத்திரங்களை ஒருநாள் ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாகக் கட்டிலில் பரப்பினேன். நான் பிறந்தது 1963. என் பத்திரத்தில் அப்பாவும் இந்தியத் தமிழர், அம்மாவும் இந்தியத் தமிழர். தம்பி 1966. அவன் பத்திரத்தில் அப்பா இந்தியத் தமிழர்; அம்மா இலங்கைத் தமிழர், அதாவது வடக்கு கிழக்கைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர். இடையில் மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் அம்மா அதே மலையில் அதே கூடையோடு அதே கொழுந்தைத்தான் பறித்துக்கொண்டிருந்தார். அண்ணன் 1977 கலவரத்துக்குப் பிறகு சித்தப்பாவோடு கிளிநொச்சிக்குப் போனவர். அங்கே பிறந்த அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் இலங்கைத் தமிழர். ஒரே கொடியில் பிறந்த நாங்கள் உங்கள் அட்டவணையில் இரண்டு இனம். அம்மா ஒருத்தியே இரண்டு இனம்.

என் பத்திரத்தின் கடைசியில் ‘அறிவித்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அம்மாவின் கைநாட்டு இல்லை, அப்பாவின் கையெழுத்து இல்லை. தோட்ட அத்தியட்சகர் என்றிருக்கிறது. அதாவது நான் பிறந்த செய்தியை அரசாங்கத்துக்குச் சொன்னவர் துரை. அவருக்கு எழுதிக் கொடுத்தவர் ஒரு கிளாக்கராக இருந்திருப்பார். அம்மாவிடம் யாரும் நீ யாரென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் இந்த ரெண்டு இனப் பெயரையும் சொல்லியிருக்க மாட்டார். “நான் மேக்கணக்கு லயத்து முனியம்மா மக” என்றுதான் சொல்லியிருப்பார். மேக்கணக்கு என்றால் தோட்டத்தின் மேற்பிரிவு; லயம் என்றால் தொழிலாளரின் வரிசை வீடுகள்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற தை மாதங்களில் இந்தப் பத்திரங்கள் நூற்றுக்கணக்கில் என் மேசைக்கு வந்திருக்கின்றன. சில வருடங்களிலேயே எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டுவிட்டது. விலாசத்தில் தோட்டம், டிவிசன் என்று இருந்தால் இந்தியத் தமிழர். அதே குடும்பம் டவுனில் ஒரு கடை அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அந்த விலாசத்தைக் கொடுத்தால் இலங்கைத் தமிழர். சில இடங்களில் பதிவாளர் கேட்டிருக்கிறார். சில இடங்களில் ஆளைப் பார்த்து எழுதியிருக்கிறார். சில இடங்களில் பெற்றோரே பயத்தில் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா அப்படித்தான் சொன்னார். இந்தியத் தமிழர் என்று எழுதினால் மறுபடி கப்பலேற்றி விடுவார்களோ என்ற பயம் அவருக்குச் சாகும்வரை போகவில்லை.

அது வீண்பயம் என்று சொல்ல உங்களால் முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் என் பிறப்புப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். இங்கே பிறந்தவன் பிரஜையாக வேண்டுமானால் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். பத்திரத்தில் ஒரு கட்டம்: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அடுத்த கட்டம்: தந்தை இலங்கையில் பிறவாமல் பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது விபரம். ஒரு பச்சைப்பிள்ளையின் பிறப்பைப் பதிய எதற்காகப் பூட்டன் பிறந்த இடம்? என் பத்திரத்தில் அந்த இரண்டு கட்டங்களிலும் ஒரு நீளக் கோடுதான் இருக்கிறது. பூட்டனார் எந்தக் கோப்பி மலையில், எந்த மழையில் பிறந்தாரோ, பதிவில்லை. பதிவில்லாதவருக்குப் பதிவு கேட்டார்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் நாடற்றதாகிப் போனது இப்படித்தான். அடுத்த வருடமே வாக்கும் போனது. 1947இல் எங்கள் மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நாட்டார் பாடல்களைத் தேடித்தேடிச் சேர்த்த சி.வி. வேலுப்பிள்ளையும் அந்த ஏழு பேரில் ஒருவர், தலவாக்கலை உறுப்பினர். 1952 தேர்தலில் எங்கள் ஆட்களுக்கு ஓட்டுமில்லை, அந்த ஆசனங்களுமில்லை.

அதன்பிறகு 1964 ஒக்டோபர் 30. எங்கள் ஆட்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இலங்கை, இந்தியா என்ற இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுப் பங்குபோட்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 லட்சம் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். பத்து வருடம் கழித்து அதையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். என் சின்னம்மா குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறிப் போனார்கள். கோத்தகிரிப் பக்கம் குடியேறிய அவர்களை அங்கே ஊர்க்காரர்கள் என்னவென்று கூப்பிடுகிறார்கள் தெரியுமா? சிலோன்காரங்க. இங்கே இருந்த அக்கா இந்தியத் தமிழர், அங்கே போன தங்கச்சி சிலோன்காரி. எங்கே இருக்கிறோமோ அந்த ஊர்ப்பெயர் மட்டும் எங்களுக்குக் கிடையாது.

இதையெல்லாம் பழைய காயம் என்று நீங்கள் ஒதுக்கலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எல்லாருக்கும் பிரஜாவுரிமை வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்கலாம். என்ன என்றால், எண்ணிக்கை.

தொகைமதிப்பில் ‘இந்தியத் தமிழர்’, ‘இலங்கைத் தமிழர்’ என்று இரண்டாகப் பிரித்து எண்ணத் தொடங்கியது வெள்ளைக்காரன், 1911இல். 1946இல் இந்தியத் தமிழர் 7 லட்சத்து 80 ஆயிரம். நாட்டின் மொத்தச் சனத்தொகையில் 11.7 சதவீதம். அன்றைக்கு இலங்கைத் தமிழரைவிட அதிகம். 1971இல் 11 லட்சத்து 74 ஆயிரம். 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரம். 2012இல் 8 லட்சத்து 39 ஆயிரம், 4.1 சதவீதம். 2024இல் ஏறத்தாழ 6 லட்சம், 2.8 சதவீதம். 1971க்கும் 1981க்கும் நடுவில் விழுந்ததற்குக் கப்பல் ஒரு காரணம். 2012க்குப் பிறகு எந்தக் கப்பல் போனது?

நுவரெலியா மாவட்டத்தைப் பாருங்கள். 1981இல் அங்கே இலங்கைத் தமிழர் 76 ஆயிரம் பேர் என்கிறது தொகைமதிப்பு. 2012இல் 31 ஆயிரம். ஒரு மாவட்டத்தில் பாதிக்கு மேல் ஓர் இனம் காணாமல் போவதென்றால் பெரிய இடம்பெயர்வு நடந்திருக்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்தவள் சொல்கிறேன், அதில் பெரும்பங்கு நாங்களேதான். பயமாக இருந்த காலத்தில் இலங்கைத் தமிழர் என்ற அந்தப் பக்கம் நின்றோம். பயம் கொஞ்சம் தணிந்ததும் சிலர் இந்தப் பக்கம் வந்தோம். இப்போது மறுபடி அந்தப் பக்கம் போகிறோம், இந்த முறை பயத்தால் அல்ல. ‘இந்திய’ என்ற சொல்லைப் பிள்ளைகள் ஏற்கிறார்களில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளை, கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளை, தன்னை இந்தியத் தமிழர் என்று எழுத விரும்பாமல் கையில் கிடைத்த மற்றச் சொல்லை எழுதுகிறது. வேறு சொல் இருக்கிறதென்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

அந்த வேறு சொல் உங்கள் கருவியிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. 2024 கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சின்னப் பெண். மழையில் தொண்ணூறு படி ஏறி, கையிலிருந்த டெப்பை ஷோப்பிங் பையால் மூடிக்கொண்டு வந்தாள். வெறுந்தேத்தண்ணி கொடுத்தேன். வீடு, கூரை, தண்ணீர், கக்கூஸ் எல்லாம் ஒழுங்காகக் கேட்டாள். இனம் என்ற இடம் வந்ததும், “இந்தியத் தமிழ்தானே டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே விரலை வைக்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன். “அதில என்ன எழுதியிருக்கு, சத்தமா வாசி” என்றேன். படிப்பித்த பழக்கம். ‘இந்தியத் தமிழர்’, ஒரு சாய்கோடு, ‘மலையகத் தமிழர்’. அவளே அப்போதுதான் சாய்கோட்டுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். லயத்தில் மற்ற வீடுகளில் பிறகு விசாரித்தேன். “அதெல்லாம் கேக்கவே இல்லயே டீச்சர், அந்தப் புள்ளயே போட்டுக்கிச்சு” என்றார்கள்.

சாய்கோட்டுக்குப் பின்னாலாவது எங்கள் பெயரைப் போட்டீர்கள். அதற்காகவும் பல வருடம் பலர் எழுதினார்கள், கூடினார்கள். 2023இல் எங்கள் ஆட்கள் வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடையிலும் பெயர் ஒரு கோரிக்கைதான். ஆனால் ஓர் அரசாங்கத்தின் தொகைமதிப்பில் இருக்கிற பெயர், அதே அரசாங்கத்தின் பதிவு யன்னலில் ‘அப்பிடியொரு இனம் இல்ல’ என்று எப்படி ஆகிறது? இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் ஒரு கடிதம் போனால் முடிகிற காரியம்.

வகைகளை மாற்ற முடியாது, சட்டம் இடம் தராது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1971 வரை சிங்களவர்களைக் கரைநாட்டுச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று இரண்டாக எண்ணினீர்கள், 1981இல் ஒன்றாக்கினீர்கள். வானம் இடிந்து விழவில்லை. இந்தியச் சோனகர் என்று ஒரு வகை இருந்தது; இன்று இல்லை. இலங்கைச் செட்டிகளும் பரதரும் தங்களைத் தனியாக எழுதச் சொல்லிக் கேட்டார்கள். 2001இல் அவர்களுக்குத் தனி இடம் கொடுத்தீர்கள். சரியான காரியம். அந்த இரண்டு சமூகங்களும் சில ஆயிரம் பேர்தான். எண்ணிக்கை பார்த்து மரியாதை கொடுப்பதில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. நாங்கள் கேட்பதும் அதே மரியாதையைத்தான்.

இந்தப் பெயர் எங்களுக்குள்ளேயே எல்லாருக்கும் உடன்பாடு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். களுத்துறை, காலிப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் இருக்கிறவர்கள், “எங்களுக்கு மலையே இல்ல, நாங்க எப்பிடி மலையகம்” என்று சிரிக்கிறார்கள். கொழும்பில் மூன்று தலைமுறையாக மாநகரத்தைக் கூட்டித் துடைக்கிறவர்களுக்கும் இந்தப் பெயர் தூரத்தில் இருக்கிறது. வியாபாரக் குடும்பங்களில் இந்திய வம்சாவளி என்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லை விட்டால் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடும் என்று அஞ்சுகிற பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: 2003ஆம் ஆண்டுச் சட்டம் பார்த்தது 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும். பிறப்புப் பத்திரத்து இனக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அது கேட்கவில்லை. எனக்கு மலையகத் தமிழர் என்ற பெயர் சொந்தம். அறுபதுகளில் எங்கள் ஆசிரியர்களும் எழுதுகிற இளைஞர்களும் ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ என்ற ஏச்சுகளுக்கு எதிரே நிமிர்ந்து நின்று தூக்கிய பெயர் அது. மற்றவருக்கு வேறு பெயர் சொந்தமென்றால் அதை எழுதுங்கள். இனம் என்பது ஆள் தன் வாயால் சொல்வது, பார்த்து முடிவுசெய்வதல்ல என்றுதான் ஐக்கிய நாடுகளின் தொகைமதிப்பு வழிகாட்டிகளும் சொல்கின்றன.

இனி, ஒரு சொல் இப்படி இருந்தாலென்ன அப்படி இருந்தாலென்ன என்ற கேள்வி. இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வறுமை, மந்தபோசணை, படிப்பு, வீடு என்று நீங்கள் வெளியிடுகிற புள்ளிவிபரங்களில் பெரும்பாலானவை இனவாரியாக வருவதில்லை. நகரம், கிராமம், தோட்டம் என்று துறைவாரியாக வருகின்றன. எங்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் எல்லாரும் தோட்டத்துறை எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தோட்டம் என்றால் என்ன? உங்கள் வரைவிலக்கணப்படி 20 ஏக்கருக்குக் குறையாத, 10 பேருக்குக் குறையாமல் குடியிருப்புத் தொழிலாளர் உள்ள நிலம். தோட்டம் துண்டுதுண்டாக விற்கப்பட்டு 18 ஏக்கராகிவிட்டால் அதே லயம், அதே ஒழுகுகிற தகரம், அதே மனிதர்கள், ஆனால் ஒரே இரவில் கிராமம். டவுனுக்கு அருகே குடிசை போட்டவர்கள் நகரம். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் இருக்கிற எங்கள் ஆட்கள் இலங்கைத் தமிழர், அதுவும் கிராமம். என் அண்ணன் குடும்பம் காணியில்லாமல், அடுத்தவன் காணியில் தண்ணீருக்குச் சண்டை பிடித்து வாழ்ந்த முப்பது வருடம் எந்த அட்டவணையிலும் மலையகத்து வறுமையாகப் பதியவில்லை. வடக்கிலிருக்கிறவர்கள் அவர்களை ‘தோட்டக்காட்டார்’ என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் அட்டவணைக்கு மட்டும் தெரியவில்லை.

இரண்டாவது, தேடல். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, பத்தாம் தரம், தன் சமூகத்தைப் பற்றி ஒப்படை செய்ய வேண்டும் என்று வந்தாள். டவுன் நூலகம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். ‘மலையகம்’ என்று கேட்டோம். புவியியல் தட்டைக் காட்டினார்கள். மத்திய மலைநாடு, மழைவீழ்ச்சி. ‘தோட்டத் தொழிலாளர்’ என்று கேட்டோம். விவசாயத் தட்டு, உரம், கொப்புளக் கருகல் நோய். எங்கள் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தைப் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்று இருப்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நானே பல வருடத்துக்கு முன்பு அங்கே கொடுத்தது. கடைசியில் அது கிடைத்த இடம் ‘இந்தியப் பண்பாடு’. காமன் கூத்து எங்கள் தோட்டத்தில் வருடாவருடம் மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டு, பௌர்ணமியில் எரிக்கிறது. என் தம்பி ஏழு வருடம் ரதி வேஷம் கட்டினான். சேலை என்னுடையது, முகப்பவுடர் முழுக்க என்னுடையது. தப்புச் சத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதிப் பேர் மறுநாள் தூங்கி வழிவார்கள். அது எப்படி இந்தியப் பண்பாடு ஆனது? புத்தகத்துக்கு எண் போட்டவர் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல்லைப் பார்த்தார், இந்தியாத் தட்டில் வைத்தார். உங்கள் சிவப்புப் பேனை அங்கேயும் போயிருக்கிறது.

அந்தப் பிள்ளையை நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ‘நூலகம்’ இணையத்தளத்தில் பழைய மலையகச் சஞ்சிகைகளும் நூல்களும் வருடிப் போட்டிருப்பதைக் காட்டினேன். கம்பளைப் பக்கம் பழைய லயத்துக் காம்பிராக்களிலேயே 2007இல் திறந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனோம். அங்கே வைத்திருந்த கவ்வாத்துக் கத்தியைப் பார்த்து, “இது எங்க வீட்லயும் இருக்கே டீச்சர், இதையா கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க” என்றாள். கோதண்டராம நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் பாட்டெழுதித் தோட்டந் தோட்டமாகப் பாடித் தொழிலாளரைக் கூட்டிய கதையை அங்கிருந்து திரும்புகிற பஸ்ஸில்தான் அவளுக்குச் சொன்னேன். இவையெல்லாம் தனியாட்களும் சின்ன அமைப்புகளும் செய்த வேலை. இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளைக்கு என்ன சொல்லைக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கே இன்னும் நிச்சயமில்லை.

உங்கள் அலுவலகக் கட்டடங்களின் பின்னறைகளில் தோட்டத்துப் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. எங்கள் பூட்டன், பூட்டிமாரின் பெயர் எழுதப்பட்ட ஒரே காகிதம் பல குடும்பங்களுக்கு அதுதான். ஒருமுறை அப்படியொரு ஏட்டை எனக்காகத் திறந்தார்கள். அம்மாயியின் தகப்பன் பெயரைத் தேடினேன். பக்கத்தைத் திருப்பும்போது மூலை என் விரலோடு உதிர்ந்து வந்தது. எழுதியவர் இங்கிலீஷில் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்தார். மூக்கன் என்பது ஒரு பக்கத்தில் மூக்கேன், இன்னொரு பக்கத்தில் முக்கென். அந்த இரண்டு பேரும் ஒரே ஆளா என்று சொல்லத் தெரிந்த கிழவிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அதிக காலம் இருக்க மாட்டார்கள்.

ஆகவே கேட்கிறேன்.

பதிவு யன்னலில் இருக்கிறவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: பெற்றோர் தங்கள் இனத்தை என்னவென்று எழுதித் தருகிறார்களோ அதையே பதிய வேண்டும், மலையகத் தமிழர் என்று எழுதினால் அது செல்லும், பெற்றோரின் பழைய பத்திரத்தில் என்ன இருந்தாலும் அதைக் காரணம் காட்டி வெட்டக் கூடாது. அந்தச் சுற்றறிக்கை சிங்களத்திலும் தமிழிலும் யன்னலுக்கு வெளியே, நாங்கள் வாசிக்கிற உயரத்தில் ஒட்டப்பட வேண்டும்.

ஏற்கெனவே தவறாகப் பதிந்தவர்கள் விரும்பினால் திருத்திக்கொள்ள வழி வையுங்கள். அதற்குச் சத்தியக் கடதாசி, சட்டத்தரணி, மூன்று நாள் சம்பளம் என்று அலையவிடாதீர்கள். ஒரு நாள் வேலைக்குப் பெயர் விழாவிட்டால் அந்தக் கிழமை அரிசி குறைகிற வீடுகள் இவை. தோட்டத்துக்கே நடமாடும் சேவை வரட்டும். மாற்ற விரும்பாதவர்களை அப்படியே விடுங்கள்.

எந்தப் படிவத்தில் இன்னும் பாட்டன், பூட்டன் பிறந்த இடத்தைக் கேட்கிறீர்களோ, அதிலிருந்து அந்தக் கேள்விகளை எடுங்கள்.

அடுத்த தொகைமதிப்பில் எங்கள் பெயரைச் சாய்கோட்டுக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து தனி வரியில் போடுங்கள். இந்திய வம்சாவளி என்று சொல்ல விரும்புவோருக்கு வேறு வரி இருக்கட்டும்; இரண்டிலும் அடங்காதவர் தன் வாயால் சொல்வதை எழுத வெற்றிடம் இருக்கட்டும். கணக்கெடுக்க வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: இனம் என்ற கேள்வியில் எல்லாத் தெரிவுகளையும் சத்தமாக வாசித்து, பதில் வரும்வரை விரலை எடுத்து வைத்திருக்க வேண்டும்.

வறுமை, வீடு, கல்விப் புள்ளிவிபரங்களைத் துறைவாரியாக மட்டுமன்றி எங்கள் சமூகத்துக்கென்றும் பிரித்து வெளியிடுங்கள், வன்னி மாவட்டங்களையும் சேர்த்து. 20 ஏக்கர் வரைவிலக்கணத்தால் எத்தனை லயங்கள் தோட்டமென்ற கணக்கிலிருந்து விழுந்திருக்கின்றன என்று தனியாக எண்ணிச் சொல்லுங்கள்.

தோட்டத்துப் பழைய ஏடுகளை உடனே படம்பிடித்துப் பாதுகாத்து, குடும்பங்கள் தங்கள் ஆட்களைத் தேடிப் பார்க்க வசதி செய்யுங்கள். பெயர்களைத் தமிழில் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் என்னையும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் கூப்பிடுங்கள். சம்பளம் வேண்டாம், பஸ் காசு போதும்.

கடைசியாக, என் பேத்தியின் விண்ணப்பம். சிவப்புக் கோடு போட்ட பக்கத்தின் பிரதியை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. கோட்டுக்குக் கீழே நீலத்தில் என் மகன் எழுதியது இன்னமும் தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்து எழுதி அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி
டிக்கோயா